லேகியம் இருக்கட்டும் பாஸ்... முதல்ல ஷூவைத் தேடி எடுங்க!

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் 'மச்சான், தனியா பேசணும்' என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால் ஒன்று கடன் கேட்பார்கள், இல்லையென்றால் பிரேக்கப். போன மாதம் நண்பன் ஒருவன் அனுப்பியபோது அப்படித்தான் நினைத்தேன். போன் செய்தால், "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல மாசத்துக்கு ரெண்டு நாள் ஒரு வைத்தியர் வந்து உட்கார்றாரே, அவர்கிட்ட போலாமாடா?" என்கிறான்.

வயசு 31. ஐ.டி வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில். எடை 94 கிலோ. கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு. ஆறு மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லை, காலையில் எழும்போதும் இல்லை. அதை வீட்டில் சொல்ல முடியாமல், டாக்டரிடமும் போகக் கூச்சப்பட்டு, சிட்டுக்குருவி லேகியம் வரைக்கும் கூகுள் செய்து முடித்திருந்தான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நண்பன் இருக்கலாம். அந்த 'நண்பன்' நீங்களாகவும் இருக்கலாம். பரவாயில்லை, தொடர்ந்து படிங்க.

இது ரத்தக்குழாய் சமாச்சாரம்

லாட்ஜ் நோட்டீஸ்களில் எல்லாமே 'நரம்புத் தளர்ச்சி'தான். விறைப்பில் நரம்புக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய வேலையைச் செய்வது ரத்தம். மனதில் ஆசை வந்ததும் ஆணுறுப்பில் உள்ள நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும். குழாயைச் சுற்றியுள்ள தசை தளரும். ரத்தம் உள்ளே பாயும். உள்ளே நிரம்பிய அழுத்தத்தில் வெளியேறும் வழிகள் நசுங்குவதால் ரத்தம் அங்கேயே தங்கும். விறைப்பு என்பது இவ்வளவுதான்.

நைட்ரிக் ஆக்சைடு நம் உடம்பில் செய்திகொண்டு போகிற வேலையைச் செய்கிறது எனக் கண்டுபிடித்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்காவில் வயாகராவுக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையை முதலில் சோதித்துப் பார்த்தது நெஞ்சுவலிக்கு!

வயாகரா நைட்ரிக் ஆக்சைடை உற்பத்தி செய்யாது. அந்த வாயு தரும் சிக்னல் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சிக்னலே பலவீனமாக இருந்தால் மாத்திரையும் திணறும். உடற்பயிற்சி அதற்கு முந்தைய இடத்தில் வேலை செய்கிறது. வேகமாக நடக்கும்போதும் ஓடும்போதும் ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு பாய்கிறது. அந்த உரசல்தான் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கச் சொல்லிச் சுவரைத் தூண்டுவது. மாதக்கணக்கில் தொடர்ந்தால், சுகரும் சிகரெட்டும் கொழுப்பும் கெடுத்துவைத்த சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

நெஞ்சுக்கு முன்னாடி வரும் அலாரம்

என் நண்பனை நான் விரட்டியதற்குக் காரணம் இதுதான். ஆணுறுப்புக்குள் போகும் ரத்தக்குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே மாதிரி அடைப்பு சேர்ந்தால் எது முதலில் மாட்டும்? சின்னக் குழாய்தான். இதய நோயின் அறிகுறி தெரிவதற்குச் சுமார் இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்புப் பிரச்னை தலைகாட்டலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். லேகியம் சாப்பிட்டு அதை மூடிமறைப்பது, ஃபயர் அலாரம் சத்தம் போடுகிறதே என்று ஒயரைப் பிடுங்கிவிடுகிற கதை.

நண்பனுக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறான் என்று ரிசல்ட் வந்தது. 31 வயசில்! 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதே வாசலில். அவன் தனியாக இல்லை.

நிஜமாவே பலன் கிடைக்குமா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், விறைப்புக் குறைபாடு உள்ள உடல் பருமனான 110 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து விடாமல் பின்தொடர்ந்தார்கள். மீதிப் பேருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். 2004-ல் வெளியான முடிவு: முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்குப் பிரச்னை சரியாகியிருந்தது. இன்னொரு குழுவில் 3 பேருக்குத்தான். எல்லோருக்கும் சரியாகவில்லை என்பதையும் கவனிங்க. ஆனால் மாத்திரை இல்லாமல் மூன்றில் ஒருவருக்குச் சரியானது சின்ன விஷயமில்லை.

எவ்வளவு செய்யணும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு அலசல் ஒன்று சொல்வது: வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 40 நிமிடம், ஆறு மாதம். வாரம் 160 நிமிடம். வேகநடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள், எதுவானாலும் மூச்சு வாங்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவு வேகம். போனை நோண்டிக்கொண்டே மொட்டை மாடியில் சுற்றுவது கணக்கில் வராது ப்ரோ.

இதோடு கெகல் பயிற்சியும் சேர்த்துக்கோங்க. 'அது பொண்ணுங்களுக்கு இல்ல?' என்பீர்கள். 1948-ல் டாக்டர் ஆர்னால்டு கெகல் பெண்களுக்காகத்தான் எழுதினார், சரி. ஆனால் பிரிட்டனில் 55 ஆண்கள் செய்து பார்த்த ஆய்வில், ஆறு மாத முடிவில் 40 சதவிகிதம் பேர் இயல்புக்குத் திரும்பினார்கள். கால்வாசிப் பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. காஸ் வெளியேறாமல் அடக்க இறுக்குவோமே, அந்தத் தசைதான். ஐந்து விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்தணும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் போகும்போது மட்டும் செய்து பழகாதீங்க.

ஜிம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

'ஜிம்முக்குப் போனா ஆண்மை போயிடும்' என்று ஊரில் சொல்வார்கள். வெயிட் தூக்குவதால் அப்படி ஆகாது. ஆனால் ஜிம்மில் யாராவது ரகசியமாக நீட்டுகிற ஊசி இருக்கே, அதனால் ஆகும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரான் வந்ததும், 'இருக்கே, எதுக்கு நாம வேற' என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். விரைப்பைகளுக்குள் இருக்கும் விதைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். பைசெப்ஸுக்கு ஆசைப்பட்டு அப்பா ஆவதைத் தள்ளிப்போடணுமா?

ஸ்குவாட்ஸ் செய்தால் டெஸ்டோஸ்டீரான் எகிறும் என்கிற ரீல்ஸையும் ரொம்ப நம்பாதீங்க. ஏறுவது உண்மை, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவதும் உண்மை. தொப்பை இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் அது நிலையாகக் கூடும். சைக்கிள் ஓட்டும்போது அடிப்பகுதி மரத்துப்போனால் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் மாற்றிப் பாருங்க.

காலையில் விறைப்பு நன்றாக வருகிறது, துணையோடு இருக்கும்போது மட்டும் சொதப்புகிறது என்றால் அது பெரும்பாலும் மனப் பதற்றம். ஓடினால் பதற்றம் குறையலாம், ஆனாலும் அதற்கு கவுன்சலிங்தான் நேரடி வழி. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்க. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

நண்பன் இப்போது டாக்டரின் கண்காணிப்பில் இருக்கிறான். நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆச்சு, எடை ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது. 'அந்த விஷயம்?' என்று கேட்டேன். "இன்னும் பெருசா மாறலடா, டாக்டர் ஆறு மாசம் சொன்னார்ல" என்றான். கட்டிக்கப் போகிற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள்.