மிச்சப் பெட்டி சரக்கான கதை

இணையத்தில் கடை விரிப்பவர்களுக்கும் தொண்டு நிறுவனம் நடத்துபவர்களுக்கும் இன்று ஒரே ஆலோசனைதான் சொல்லப்படுகிறது: உங்களுக்கென்று ஒரு ‘பிராண்ட்’ வேண்டும். பெயர், நிறம், சின்னம், ஒற்றை வரி வாசகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள், மக்களின் நம்பிக்கை பின்னாலேயே வரும் என்கிறார்கள். முத்திரையிலிருந்து நம்பிக்கை பிறக்கிறது என்பதே இந்தச் சொல்லாடலின் ஆதாரம். இதைத் தலைகீழாக வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக, யாருமே திட்டமிட்டு உருவாக்காத ஒரு முத்திரையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். இணைய முகவரிகளின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘டாட் ஆர்க்’தான் அது.

1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஒரு தொழில்நுட்பக் குறிப்பில் இந்த வகைப்பாடு வருகிறது. அரசுக்கு ஒரு வால், ராணுவத்துக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, வணிகத்துக்கு ‘காம்’. இவற்றில் அடங்காத மற்ற அமைப்புகளுக்கு ‘ஆர்க்’. சேவை, லாபநோக்கின்மை என்கிற பேச்சே அங்கு கிடையாது. எந்த டப்பாவிலும் சேராத சாமான்களைப் போட்டுவைக்க வீட்டில் ஒரு பெட்டி இருக்குமே, அந்த மாதிரி. 1985ல் இதில் முதலில் பதிவான பெயர் மைட்டர். லாபநோக்கமற்ற நிறுவனம்தான், ஆனால் அமெரிக்க ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்துகொடுப்பது. 1994ல் போஸ்டல் எழுதிய இன்னொரு குறிப்பு, அரசு சாரா அமைப்புகள் சிலவும் இதில் பொருந்தலாம் என்று போகிறபோக்கில் சொல்கிறது. இந்தப் பெயர்வெளிகளைக் குறித்து ‘உரிமை’, ‘சொந்தம்’ என்று கவலைப்படுவது பொருத்தமற்றது, ‘பொறுப்பு’, ‘சேவை’ குறித்தே கவலைப்பட வேண்டும் என்ற கருத்தும் அதே குறிப்பில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்த மிச்சப் பெட்டிக்குள் மனித உரிமைக் குழுக்களும், சூழலியல் அமைப்புகளும், கட்டற்ற மென்பொருள்காரர்களும், நூலகம் அமைப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். தமிழில் மதுரைத் திட்டமும் ஈழத்து ‘நூலக’மும் இந்த வாலோடுதான் இயங்குகின்றன. பழைய நூல்களைத் தட்டச்சு செய்தவர்கள், பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்தவர்கள், இரவில் உட்கார்ந்து பிழை திருத்தியவர்கள் ஆகியோரின் கூலியற்ற உழைப்பு மெல்ல மெல்ல அந்த மூன்றெழுத்தில் படிந்தது. ‘ஆர்க்னு இருக்கே, இவங்க காசுக்குப் பண்றவங்க இல்ல’ என்ற பொதுப்புத்தி உருவானது. இந்தக் குறிக்கு அர்த்தம் வந்தது புழக்கத்திலிருந்து.

அந்த அர்த்தத்துக்குச் சட்டக் காவல் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாட் ஆர்க் பெயரை யார் வேண்டுமானாலும் பதியலாம். 1995ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய விளம்பரப் பட்டியலான கிரெய்க்ஸ்லிஸ்ட் 1999ல் லாபநோக்க நிறுவனமாகப் பதிவானது. வால் மட்டும் ஆர்க்காகவே நீடித்தது. ஊரார் சேர்த்த நம்பிக்கையின் நிழலில் வியாபாரமும் ஒதுங்க முடிந்திருக்கிறது.

2003 முதல் இந்தப் பெயர்வெளியை நிர்வகித்து வருவது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. இன்டர்நெட் சொசைட்டி என்ற லாபநோக்கமற்ற அமைப்பு இதற்கென்றே உருவாக்கியது. ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இருந்தது. முகவரி ஒழுங்குமுறை அமைப்பான ஐகேன், 2019 ஜூனில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. கருத்துக் கேட்டபோது 3,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், பெரும்பாலோர் எதிர்த்தே எழுதினார்கள். பயனில்லை. அதே ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வருகிறது: எத்தோஸ் கேபிடல் என்ற புதிய முதலீட்டு நிறுவனத்துக்கு ரெஜிஸ்ட்ரி விற்கப்படுகிறது. விலை 113.5 கோடி டாலர். ஐகேனின் முன்னாள் தலைமை அதிகாரி ஒருவர் எத்தோஸுக்கு ஆலோசகர்.

இன்டர்நெட் சொசைட்டியின் தரப்பையும் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் பதிவு வருமானத்தை மட்டும் நம்பியிராமல், ஒரு நிரந்தர வைப்புநிதி கிடைக்கும், அதைக்கொண்டு எங்கள் பணிகளைத் தொடர்வோம் என்றார்கள். நல்ல காரியத்துக்காகத்தான் விற்கிறோம் என்கிற வாதம். நம் ஊர்க் குழுக்களிலும் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் விற்கப்பட்டது எது? ரெஜிஸ்ட்ரியிடம் இருந்தது ஒரு பெயர்ப் பட்டியல், அதைப் பராமரிக்கும் ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்தப் பட்டியலுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பு எங்கிருந்து வந்தது? ஒரு கோடிக்கும் அதிகமான பெயர்கள் அதில் இருந்தன. பல ஆண்டுகளாக ஒரு முகவரியில் இயங்கிய அமைப்பால் சட்டென்று வேறு முகவரிக்குப் போக முடியாது; போனால் நம்பிக்கையும் போய்விடும். ஆக, நம்பிக்கையை உண்டாக்கியவர்களே அந்த நம்பிக்கைக்கு வாடகை கட்டியாக வேண்டும். உழைத்தவரிடமிருந்து உழைப்பின் விளைவு பிரிந்துபோய், அவருக்கு எதிரிலேயே பண்டமாக வந்து நிற்கிறது என்று மார்க்ஸ் விளக்கியது இங்கே அப்படியே நடக்கிறது.

நூற்றுக்கணக்கான அமைப்புகள் எதிர்த்துக் கையெழுத்திட்டன. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐகேன் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஏப்ரலில் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் விற்பனையை நிராகரிக்கும்படி கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் சம்மதம் மறுத்தது. பொதுநலனுக்குக் கட்டுப்பட்ட அமைப்பு முதலீட்டாளர்களுக்குக் கட்டுப்பட்டதாக மாறுவதையும், அதன் தலையில் 36 கோடி டாலர் கடன் ஏறுவதையும் காரணமாகக் காட்டியது.

இதை வெற்றி என்று கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் விற்பனை நின்றபோது விலை வரம்பு திரும்பி வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் பெயர் வைத்திருந்தவர்களிடம் இல்லை. அவர்கள் கத்தினார்கள், வேறு சிலர் கூடி முடிவெடுத்தார்கள். அந்தச் சிலர் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால்?

புதிதாக ஓர் அமைப்பு தொடங்கும்போது பெயர், சின்னம், முகவரி பற்றி ராத்திரி முழுக்கப் பேசுகிறோம். அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகிறது, அதை விற்கவோ கைமாற்றவோ யாரால் முடியும், அப்போது வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும் என்று எங்காவது எழுதிவைத்திருக்கிறோமா என்ற பேச்சு எழுவதில்லை. சின்னம் வரைவதற்கு முன்னால் இதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன், நண்பர்கள் விவாதிக்கட்டும்.