இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும்

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மகன், எழுதப் படிக்கத் தெரியாத தன் தாய்க்குக் கடிதம் போட வேண்டும். நடுவில் வங்காள விரிகுடா. எப்படிப் போடுவான்?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைக் காலம் இந்தக் கேள்வி இருந்தது. சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் என்று சடக்கின் இருபுறமும் தோட்டங்கள். முதலில் காப்பி, பிறகு ரப்பர். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையே 1891-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து கப்பலேறியவர்கள் அங்கே மரம் வெட்டினார்கள், அதாவது பால் சீவினார்கள். அந்த மண்ணின் பேச்சில் அதற்கு 'மரம் வெட்டுவது' என்றுதான் பெயர்.

1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆள் திரட்டியவர் கங்காணி. தோட்டத்தில் வேலை செய்தவரே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தம் ஊருக்குப் போய், உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வருவார். தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி 1907-இல் ஏற்படுத்திய நிதியிலிருந்து கப்பல் சத்தம் கட்டப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. நாகையிலிருந்து பினாங்குக்குச் சுமார் ஒரு வாரப் பயணம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் ஐந்தாயிரம் பேர்வரை ஏற்றலாம். ஏறியவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான்.

ஆனால் தபால் வழி திறந்தே இருந்தது. இந்தியா 1876-லும், பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1877-லும் சர்வதேசத் தபால் சங்கத்தில் சேர்ந்துவிட்டன. கால் அணாக் கார்டு 1879-லேயே தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்துவிட்டது. 1900-இலிருந்து முப்பதுகளின் நடுப்பகுதிவரை நெகிரி செம்பிலானிலிருந்து புறப்பட்ட தபால்களில் பாயும் புலி படம் போட்ட தபால் தலைகள் ஒட்டப்பட்டிருக்கும். மகன் போன தேசம் எப்படிப்பட்டது என்று அந்தத் தாய்க்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பார்த்த ஒரே படம், பாயும் புலி!

சரி, எழுதியது யார்? பெரும்பாலும் கிராணி. தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுபவர். கிராணிமார்களில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். தஞ்சாவூர்ப் பேச்சில் சொன்னதை யாழ்ப்பாணத்துக்காரர் எழுத, அது தஞ்சாவூர் போய்ச் சேரும். கிராணியிடம் போகத் தயங்கியவர்கள் செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளையிடம் போவார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் வந்தபிறகு, வாத்தியாரும் எழுதிக் கொடுத்தார். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதுபவர் அதில் பாதியை விட்டுவிடுவார். கார்டில் இடம் அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தின் அச்சு தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததே. மேலே பிள்ளையார் சுழி. தாயார் அவர்களுக்கு மகன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும். இந்த வரியை எழுதியபின்தான் மற்றவை. இந்த வரி பொய்யாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்! ஆரம்ப காலத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாக ஆட்களைச் சாய்த்தது. அப்போதும் 'இவ்விடம் சுகம்'தான். கங்காணியிடம் பட்ட கடன், தண்டல் அடித்த அடி, சம்பளத்தில் பிடித்தம் - இதையெல்லாம் கிராணியிடம் எப்படிச் சொல்லி எழுத வைப்பது? எழுதுகிறவரே நிர்வாகத்தின் ஆள். ஊரில் அதைப் படித்துக் காட்டப் போகிறவர் ஒருவேளை கங்காணியின் பங்காளியாக இருக்கலாம். ஆகவே அந்தக் கடிதங்களை இன்று சரித்திரச் சான்றாகப் படிப்பவர்கள், அவற்றில் எழுதாமல் விட்டது என்ன என்றும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வார்த்தையால் சொல்ல முடியாததைச் சொல்ல வேறு வழிகளும் இருந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் என்றால் கல்யாணம், காது குத்து. மூலையில் கறுப்பு மை என்றால் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அதைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். தபால் தலை ஒட்டாத கடிதத்துக்கும் அர்த்தம் உண்டு. அது பேரிங் தபால். குறைந்த கட்டணத்துக்கு இரு மடங்கு கட்டினால்தான் கையில் கிடைக்கும். வாங்காமல் திருப்பி அனுப்பினாலும், 'அவன் இருக்கிறான்' என்ற செய்தி மட்டும் காசில்லாமல் வந்து சேர்ந்துவிடும்.

கடிதத்தைவிட அதிகம் பேசியது மணியார்டர். 1928-க்குப் பிறகு வசதியான பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயமானது. அன்றைய நாணயக் கணக்கில் ஒரு மலாயா வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ஐந்து வெள்ளி அனுப்பினால் ஊரில் ஏழே முக்கால் ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த ஐந்து வெள்ளிக்கு ஓர் ஆண் பத்து நாள் மரம் வெட்ட வேண்டும். தபால்காரர் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்து, சாட்சி வைத்து, தாயின் கைநாட்டை வாங்குவார். எழுத்தே தெரியாத இரண்டு பேருக்கு இடையில், எழுதுபவரோ படிப்பவரோ மாற்ற முடியாத செய்தி அந்தப் பணம் ஒன்றுதான்.

ஊரில் தபால் வாங்குவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மலாயா போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதிதிராவிடர்கள். அந்நாளில் பல ஊர்களில் தபால் ஆபீஸ் இருந்தது அக்கிரகாரத்தில் அல்லது மேல்சாதித் தெருவில். சேரியிலிருந்து ஒரு பெண் அங்கே போய், 'எனக்குக் கடிதாசி வந்திருக்கா?' என்று கேட்டுவிட முடியாது. 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெருக்களிலும் பொது அலுவலகங்களிலும் எந்த வகுப்பினரும் தடையில்லாமல் போகலாம் என்பதே அதன் சாரம். கடல் தாண்டிச் சம்பாதித்து அனுப்பிய பணம் தெருவைத் தாண்டி வருவதற்குச் சட்டசபையில் தீர்மானம் வேண்டியிருந்தது!

இந்தக் கடிதங்கள் ஆட்களையும் கப்பல் ஏற்றின. இருபதுகளின் கடைசியில் கங்காணி இல்லாமல் தாமாகவே முகாமுக்கு வந்து நின்றவர்கள் பெருகினார்கள். அண்ணன் எழுதினான், மாமன் எழுதினார் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம். 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது எல்லாம் தலைகீழானது. மூன்று ஆண்டுகளுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 கடைசியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். கூலித் தகராறு தீராமல், 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் கட்டணத்தில் கூலிகள் போவதையே தடை செய்தது. போனவர் போனபடி, இருந்தவர் இருந்தபடி. இடையில் மிஞ்சியது தபால்.

மூன்றரை ஆண்டில் அதுவும் அறுந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். ஜனவரி நடுவில் சிரம்பான் அவர்கள் கையில். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்தியா எதிரி நாடாகிவிட்டது. ஊரிலிருந்து கார்டு வராது, இங்கிருந்து போகாது. பணமும் போகாது. வேலையில்லாத தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்.

1943-இல் லயங்களுக்கு லாரிகள் வந்தன. சயாமில் ரயில்பாதை வேலை, சில மாதம்தான், நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்கள் சிலர். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசிய நாவல்கள் அந்தக் கதையைச் சொல்கின்றன.

இங்கே ஒரு சிறிய கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு ஜப்பானிய ராணுவம் அச்சடித்த கார்டு கொடுத்தது. 'என் உடல்நலம் நன்றாக இருக்கிறது', 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்', 'சம்பளத்துக்கு வேலை செய்கிறேன்' என்று அச்சடித்த வாக்கியங்களில் பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதோ ஒரு தடவைதான் கொடுத்தார்கள். போய்ச் சேர ஒரு வருடம்கூட ஆனது. உள்ளே இருந்ததில் பாதி பொய். ஆனாலும் லண்டனிலும் மெல்பர்னிலும் ஒரு தாய், ஒரு மனைவி, அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

தமிழனுக்கு அந்தக் கார்டு கிடையாது. அவன் கைதி அல்ல, கூலி! போர்க்கைதிக்கு எண் இருந்தது, படைப்பிரிவு இருந்தது, தேடுவதற்கு ஓர் அரசாங்கம் இருந்தது. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் இருக்கிறது. தமிழர்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய கல் வரிசை இல்லை.

ஊரில் இருந்தவளுக்கு இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். புருஷன் மலாயாவில் இருக்கிறான். 1941 கடைசியில் கடிதம் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் திரும்பி வந்து, மெல்ல மெல்லத் தபால் மறுபடி ஓடியது. அடுத்த வீட்டுக்குக் கார்டு வந்தது. இவளுக்கு வரவில்லை. செத்தான் என்று கறுப்பு மை தடவிய கடிதமும் வரவில்லை. பொட்டை அழிப்பதா? தாலியைக் கழற்றுவதா? திதி கொடுக்கலாம் என்றால் செத்த நாள் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பதுண்டு. ஆனால் கொடுத்துவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! தோட்டத்திலிருந்து யாராவது இரண்டு வரி எழுதியிருக்கலாம். யார் எழுதுவது? அவளுடைய விலாசம் தெரிந்தவனே அவன் ஒருவன்தான்.

போருக்குப் பின் கார்டின் இடத்தை நீல நிற ஏர்லெட்டர் பிடித்துக்கொண்டது. வாரக் கணக்கு நாள் கணக்கானது. எழுதுகிற கையும் மாறியது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்த மகனோ மகளோ அப்பா சொல்லச் சொல்ல எழுதினார்கள். பார்த்தே இராத பாட்டிக்கு, பார்த்தே இராத ஊருக்கு. 'நம்ம வீட்டு வேம்பு இருக்கான்னு கேளு' என்பார் அப்பா. எந்த வேம்பு என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆனாலும் எழுதியது.

1969-க்குப் பிறகு கடிதம் இரு திசையிலும் போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால், ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் மலாயாவில் பிறந்தவர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இறங்கியதும் அவர்கள் எழுதிய முதல் கடிதம் நெகிரி செம்பிலான் லயத்தில் விட்டுவிட்டு வந்த அக்காளுக்கும் தம்பிக்கும்தான். இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும். 'ஊர்' எது என்பதே இடம் மாறிவிட்டது! 'ரஜூலா' 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது.

பிறகு போன் வந்தது. பாட்டிகள் போய்ச் சேர்ந்தார்கள். கடிதமும் குறைந்து நின்றது. இப்போது நாலாம் தலைமுறைப் பிள்ளைகள் பூர்வீகத்தைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். பலரிடம் இருக்கும் ஒரே துப்பு, தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய கார்டும் அதன் மூலையில் இருக்கும் விலாசமும். 1972-க்கு முந்தையது என்றால் பின்கோடு இருக்காது. 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் நாகப்பட்டினமா, திருவாரூரா, மயிலாடுதுறையா என்று பார்க்க வேண்டும். 'வட ஆற்காடு ஜில்லா' என்றால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்கு மாவட்டங்களில் தேட வேண்டும். கார்டில் பெறுபவர் விலாசமாக ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். நிலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் அப்படிப்பட்ட தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற பேரனே சில சமயம் அந்த வீடுகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறான்.