ஒரு ஜோடி சாக்ஸும் இரண்டு தீவுக் கதைகளும்

ஸ்வெட்டர், குல்லா பின்னத் தெரிந்தவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். லேஸும் கேபிளும் கலந்த ஒரு ஜோடி சாக்ஸ் எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

லேஸ் என்பது துளை வேலை. ஊசியின் மேல் நூலை ஒருமுறை கூடுதலாகப் போட்டால் துளை விழும். அதனால் கூடிய கண்ணியைச் சரிக்கட்ட, இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்ன வேண்டும். கேபிள் என்பது முறுக்கு வேலை. சில கண்ணிகளைத் தனி ஊசியில் ஒதுக்கிவிட்டு, அடுத்தவற்றை முதலில் பின்னினால் கயிறு போல முறுக்கு வரும். சுற்றுக்கு 60 கண்ணி, 150 சுற்று என்று கணக்கிட்டாலே ஜோடிக்கு 18,000 கண்ணி ஆகிறது.

இது பழைய கலை. 1562-ல் இறந்த ஃபுளாரன்ஸ் சீமாட்டி எலியனோராவுக்கு அணிவித்து அடக்கம் செய்த பட்டுக் காலுறைகளிலேயே துளை வேலை இருக்கிறது. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனாலும் வேறு பிழைப்பு குறைவான தீவுகளில் கைப்பின்னல் நிற்கவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகள் லேஸுக்குப் பெயர் போனவை. அங்கே பின்னும் சால்வை, மோதிரத்துக்குள் நுழையும் அளவு மெல்லியது. அதைப் பின்னிய பெண்களுக்கோ கையில் காசு வருவது அரிது. கடைக்காரர் சால்வையையும் காலுறையையும் வாங்கிக்கொண்டு தேயிலையோ துணியோ தருவார். அந்தத் தேயிலையைக் கொடுத்து மாவும் உருளைக்கிழங்கும் வாங்கிய பெண்கள் உண்டு. 1872-ல் அரசு விசாரணை நடந்தபோது அவர்களே வந்து இதைச் சொன்னார்கள். கூலிக்குப் பதில் பொருள் கொடுப்பதைத் தடுக்கும் 1831-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் பின்னிய கம்பளிப் பொருள்களுக்கும் 1887-ல்தான் விரிந்தது. அதன் பிறகும் வழக்கம் உடனே ஒழியவில்லை.

கேபிளுக்குப் பெயர் பெற்றவை அயர்லாந்தின் ஆரன் தீவுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முறுக்கு உண்டு, கடலில் இறந்த மீனவரை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-ல் அரங்கேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தில், இறந்த அண்ணனைத் தங்கை அடையாளம் காண்கிறாள். குடும்ப முறுக்கைப் பார்த்தல்ல. தான் பின்னிய காலுறையின் கண்ணிகளை எண்ணிப் பார்த்து. கதை இங்கிருந்துதான் வளர்ந்திருக்க வேண்டும் என்பார்கள் பின்னல் வரலாறு அறிந்தவர்கள். இன்று நாம் காணும் ஆரன் ஸ்வெட்டரே 20-ஆம் நூற்றாண்டில் உருவானதுதான். பின்னிய பெண்கள் அதை விற்றுச் சம்பாதித்தார்கள்.

புராதனக் கதை சொன்னால் சரக்கு நன்றாக விற்கும். ஆனால் அந்தக் கதையில் கூலிக் கணக்கு மறைந்துபோகிறது. அந்தப் பெண்கள் குலச் சின்னத்தைக் காப்பதற்காக மட்டும் ஊசி பிடிக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியவும்தான் பிடித்தார்கள்.

அடுத்த முறை நம் வளாகத்தில் யாராவது கையால் பின்னியதை விற்பனைக்கு வைத்தால், பேரம் பேசும் முன் அந்த 18,000 கண்ணிகளை நினைத்துக்கொள்வோம்.