சானடோரியம் என்ற பெயர் வந்த கதை

தாம்பரத்தில் கடற்கரை வண்டி ஏறினால் அடுத்த ஸ்டேஷனே தாம்பரம் சானடோரியம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர்களும் அதைத்தான் கூவுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நம்மில் பாதிப் பேர் "பெரிய ஆஸ்பத்திரி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்துச் சொல் அது. 1882-ல் ராபர்ட் கோக் நோய்க்கிருமியை மைக்ரோஸ்கோப்பில் காட்டிவிட்டார். அதைக் கொல்லும் மருந்து வந்ததோ 1940-களில்தான். இடையில் டாக்டர்கள் கையில் இருந்தவை ஓய்வு, சத்தான சாப்பாடு, திறந்தவெளிக் காற்று, வெயில். இவற்றைக் கொடுக்க ஊருக்கு வெளியே கட்டிய இடமே சானடோரியம். வெயிலை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை கொடுத்த டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்தது.

நம்மூர் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில், ஒரு சானடோரியத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஓர் இந்தியர் தலைமை டாக்டர் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா! 1917-ல் அங்கே சேர்ந்த நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1914-ல் நெவாசா கப்பலில் இங்கிலாந்து போனபோதே இருவருக்கும் பழக்கம். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்பது அன்றைக்கே டாக்டர்களுக்குள் தீராத சந்தேகம். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டாக்டர் யங் எழுதினார். நோய் இன்னதென்று அன்று உறுதியாகத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. 1920-ல் அவர் இறந்தபோது வயது 32.

கிருமியை மட்டும் பார்த்தால் போதாது, இருட்டு வீடு, நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு இவற்றையும் பார்க்க வேண்டும் என்பது சவுரிமுத்துவின் கட்சி. திறந்தவெளி சானடோரியங்களில் 22 ஆண்டுகள் கண்டதை 1922-ல் புத்தகமாகவே போட்டார். பிறகு 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில், சுமார் 250 ஏக்கரில், வெறும் 12 படுக்கைகளோடு தாம்பரம் சானடோரியத்தைத் திறந்தார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

சானடோரியம் என்ற ஏற்பாட்டுக்கே முடிவுரை எழுதியதும் இதே சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவு சானடோரியத்தில். மற்றது நெரிசலான சொந்த வீடுகளில். இரண்டுக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நம்முடையது மூடவில்லை. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவச ஏ.ஆர்.டி. மருந்து தர அரசு முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

ஆக, குணப்படுத்தும் விஷயத்தில் மாத்திரை ஜெயித்தது, சவுரிமுத்து தோற்றார். பரவும் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். காசநோய் காற்றில்தான் தொற்றுகிறது. ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் கிருமி தங்கும், காற்றோட்டத்தில் கலைந்துபோகும், வெயிலில் சாகும். நம் படிக்கட்டு ஜன்னல்களை அட்டை வைத்து அடைப்பது பற்றிக் கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

ஒளிக்கு இப்போது வேறு வேலை. சளியில் சாயம் ஏற்றி எல்.இ.டி. நீல வெளிச்சத்தில் பார்த்தால் கிருமிகள் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் பச்சையாக மின்னும். பழைய முறையைவிட வேகமாகக் கண்ணில் படும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் இதைப் பரிந்துரைத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் விதி. அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் கிடையாது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.