சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பொன்மலை நண்பர்களே, போன பதிவுக்குப் பிறகு ஒரு மாதம் காணாமல் போய்விட்டேன். காரணம், என் மகன் ஒரு பழைய டிரெய்லர் வாங்கினான். அதைப் பார்க்க அலைந்ததில், டிரெய்லரின் சரித்திரமும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே இண்டியானாவில் மகனோடு வந்து சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வெளியூர் போனால் ஓட்டல் குளியலறை அவளுக்கு ஒத்துவராது. ஆகவே பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குப் போவார்கள், நாங்கள் வீட்டைக் காப்போம். ஒருநாள் மகன் சொன்னான்: "அப்பா, டாய் ஹாலர்னு ஒண்ணு இருக்கு. பின்னாடி முழுக் கதவும் கீழே இறங்கி சாய்தளமா ஆயிடும். அம்மாவை நாற்காலியோட உள்ளே தள்ளிட்டுப் போயிடலாம்."

டாய் ஹாலர் என்றால் விளையாட்டு வண்டிகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லர். முன்பாதியில் படுக்கை, அடுப்படி, குளியலறை. பின்பாதி கராஜ். அதில் மோட்டார் சைக்கிள், மணலில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

விஷயத்தைக் கேட்ட என் மனைவி, "என்னை ஸ்கூட்டர் மாதிரி ஏத்தப் போறீங்களா?" என்றாள். அவளுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. கிண்டல் மட்டும் திரும்பிவிட்டது.

இனி சரித்திரம். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் வண்டிகளில் ஒன்று 1885-இல் இங்கிலாந்தில் உருவானது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை டாக்டர் 'வாண்டரர்' என்று பெயரிட்டு, இரண்டு குதிரை பூட்டி, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போய்வந்தார். அதைச் செய்து கொடுத்தது பிரிஸ்டலில் இருந்த வேகன் தொழிற்சாலை. ரயில் பெட்டிகள் செய்த தொழிற்சாலை அது! நம் ஜாதி என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அமெரிக்காவில் கார் வந்ததும் ஜனங்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1919-இல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால் அவர் சங்கத்து ஆள் என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்த கதை ஆர்தர் ஷெர்மனுடையது. டெட்ராய்ட்டில் மருந்து கம்பெனி நடத்தியவர். 1920-களின் கடைசியில், சில நிமிடங்களில் விரிந்துவிடும் என்று சொன்ன ஒரு கூடார டிரெய்லரை வாங்கிக் குடும்பத்தோடு போனார். முதல் ராத்திரியே மழை. கூடாரம் விரிவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். கோபத்தில் தானே மரப்பெட்டி மாதிரி ஒரு வண்டி செய்யவைத்தார். அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய பிள்ளைகள். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார். 1936-இல் நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையதுதான்.

அதே 1936-இல் வாலி பயாம் என்பவர் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, ஆகாய விமானம் போன்ற ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தார். 1969-இல் சந்திரனிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் நோய்க்கிருமி பயத்தில் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தார்களே, ஜன்னல் வழியாக நிக்சன் பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? அது ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றிச் செய்ததுதான்.

1956-இல் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. 1970-இல் ஹோண்டா, பலூன் டயர் மாட்டிய மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. இளைஞர்கள் பாலைவனத்தில் ஓட்டப் போனார்கள். ஆனால் ஒரு லாரி பின்னால் வீட்டை இழுக்கலாம், இல்லையென்றால் வண்டிகளை இழுக்கலாம். இரண்டையும் எப்படி இழுப்பது? இரண்டையும் ஒன்றாக்கியதுதான் டாய் ஹாலர்.

இந்தத் தொழிலின் தலைநகரம் எங்கள் மாநிலத்து எல்கார்ட். 2008-09 மந்தத்தில் அங்கே வேலையில்லாதோர் 15 சதவீதத்தைத் தாண்ட, பதவியேற்ற மறுமாதமே ஒபாமா அங்கே வந்தார். பிறகு கொரோனா. ஓட்டலுக்குப் பயந்த ஜனங்கள் டிரெய்லரை வாங்கித் தள்ளினார்கள். 2021-இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. வாங்கியவர்கள் பலர் இரண்டு தடவை போய்விட்டு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவற்றில் பல இப்போது விற்பனைக்கு வருகின்றன.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. 24,000 டாலர். மகன் முன்பணம் கொடுக்கப் பேனாவை எடுத்துவிட்டான். "கொஞ்சம் பொறுப்பா" என்றேன். முப்பத்திரண்டு வருடம் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? கராஜ் தரையில் குதிகாலால் அழுத்தினேன். மூலையில் ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கியது. வெளிச்சுவரை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அப்பளம் போலக் கொப்புளம். கூரை மூட்டில் பசை விட்டு, மழைநீர் உள்ளே இறங்கி, பலகை உளுத்துவிட்டது. டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்கள் 2314. அதாவது 2014-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. நம் பெட்டிகளில் பி.ஓ.எச். தேதி எழுதியிருப்போமே, அதுபோலத்தான். டிரெயில் பார்க்கத் தேய்ந்திருக்காது, வெயிலில் நின்றே ரப்பர் செத்திருக்கும். இந்த வண்டியில் என் மனைவியை உட்காரவைத்து 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பதா? மகன் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது வண்டியில் தரை கெட்டி. ஆனால் குளியலறைக்கு இரண்டு படி ஏறவேண்டும். மருமகள்தான் கவனித்தாள்: "மாமா, அத்தை உள்ளே வந்துடுவாங்க. குளிக்க எங்கே போவாங்க?" எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

நான்காவதுதான் அமைந்தது. வர்ணம் மங்கிய வண்டி, 17,500 டாலர். தரை ஒரே மட்டம். குளியலறை வாசலை டேப் வைத்து அளந்தோம், நாற்காலி நுழைந்தது. எடைத் தகட்டைப் பார்த்து, தண்ணீர், சாமான், நாற்காலி எல்லாம் கூட்டி, லாரி இழுக்குமா என்று கணக்குப் போட்டோம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கவேண்டும். குறைந்தால் வண்டி வாலாட்டும். புது டயர் நான்கும் போட்ட பிறகுதான் சாலையில் இறக்கினோம்.

முதல் பயணம் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேட்டுக்கு. பின்கதவை இறக்கிப் பாதியில் நிறுத்தி, கம்பி கட்டினால் திண்ணை மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே நாற்காலியைப் போட்டோம். பேரப்பிள்ளைகள் கீழே மண்ணில் விளையாடினார்கள். இருட்டியதும் குளிருமே என்று கதவைத் தூக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கேன்."

மூன்று வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.