பட்டமும் குடும்பமும்: தமிழகக் கல்லூரி மாணவர் மனநலம் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தலைமுறை தொட்டே தமிழ்க் குடும்பங்களில் பட்டம் படித்தவனுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. நிலத்தை அடகு வைத்த தகப்பன், நகையைக் கழற்றிக் கொடுத்த தாய், அண்ணன் சம்பாத்தியத்தை நம்பிக் கல்யாணத்துக்குக் காத்திருந்த தங்கை என எல்லாருக்கும் அதில் பங்கு இருந்தது. தேர்வில் தவறினால் அந்தத் தோல்வியிலும் எல்லாருக்கும் பங்கு. இந்தக் கூட்டுப் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களும் சட்டமும் மருத்துவமும் எப்படிப் பார்த்து வந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். மாணவரின் மனபாரத்துக்குக் குடும்பம் காரணமாகவும் இருக்கிறது, மருந்தாகவும் இருக்கிறது. நம் கல்லூரிகள் அதைக் காவல்காரராக மட்டுமே பயன்படுத்தி வருகின்றன என்பது என் முடிவு.

இந்தக் கூட்டுப் பொறுப்பின் பாரத்துக்குத் தெளிவான சான்று சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை. அவரைக் கணித மேதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். தேர்வில் தவறிய கல்லூரி மாணவராக நினைப்பதில்லை. ஜவுளிக்கடைக் கணக்கரின் மகனான அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் உதவித்தொகை பறிபோனது. 1905 ஆகஸ்டில், 17 வயதில், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் ‘தி இந்து’ நாளிதழில் காணவில்லை என்று அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறினார். கணிதச் சூத்திரங்கள் நிரம்பிய அவருடைய நோட்டுகளுக்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் இல்லை.

1914இல் கேம்பிரிட்ஜ் போன பிறகும் குடும்பத்தின் கை அவரைவிட்டு விலகவில்லை. அசைவம் தொடாத ஆசாரத்தால், போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் தானே சமைத்து, பெரும்பாலும் தனியாகவே உண்டார். ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. தாய் கோமளத்தம்மாள் மனைவி ஜானகியின் கடிதங்கள் அவருக்குப் போகாமல் தடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கனிகல் எழுதுகிறார். கடிதம் வராத காரணம் அவருக்குத் தெரியாது. நோயும் தனிமையும் சேர்ந்து அழுத்த, 1918இன் தொடக்கத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவல்துறை பிடித்துவைத்தபோது, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டி தலையிட்டு மீட்டார் என்று வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பதிவு செய்திருக்கிறார். அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். மனம் உடைந்த ஒருவரை மீட்கச் செல்வாக்குள்ள நண்பர் தேவைப்பட்டார்.

இங்கிலாந்து அந்தச் சட்டத்தை 1961இல் நீக்கியது. அதே காலனிய மரபில் பிறந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நம்மிடம் அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தது. விளைவு என்ன? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோர், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று நடந்ததை மறைத்தார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தோடு சட்டத்தின் அச்சமும் சேர்ந்துகொண்டது. மறைத்தவர்கள் மனநல மருத்துவரிடம் போகவும் வழியில்லை. குடும்பங்களின் மௌனத்தைப் பண்பாட்டுக் குறையாக மட்டும் பார்க்கும் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த மௌனத்தின் ஒரு பாதியைச் சட்டமே உருவாக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்றும் தண்டிக்கக் கூடாது என்றும் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை.

மருத்துவத்தின் கதை வேறு திசையில் நடந்தது. காலனிய ஆட்சியின் மனநோய் விடுதிகள் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சுவருக்குள் வைத்தன. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையம் அதை நிரந்தர முறையாக்கியது: நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவார், சமைப்பார், நோயைப் பற்றிக் கற்றுக்கொள்வார். 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ரகுராம் குழுவினரின் ஆய்வும் இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. தென்தமிழகத்தில் ஒரு கோயிலில் தங்கிய 31 பேரின் மனநோய் அறிகுறிகள் குறைந்ததை அது பதிவு செய்தது. அங்கும் கூட ஓர் உறவினர் தங்கியிருந்தார். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்ட மனநோயாளிகள் தீயில் மாண்டதும் இதே மண்ணில்தான். உறவும் நம்பிக்கையும் பொறுப்போடு கூடவே இருக்கும்போது குணம் தருகின்றன. ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டால் பேராபத்தாகின்றன.

வேலூரின் பாடம் கல்லூரிகளுக்கு வந்து சேரவில்லை. அங்கே குடும்பத்தின் சுமைதான் கூடியது. 1984-85 வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. 2001இல் வந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் மாணவரோடு பெற்றோரும் கையெழுத்திட்டு இணைக் கடனாளி ஆனார்கள். தாமோதரம்பிள்ளை காலத்தில் சொல்லாமல் இருந்த கூட்டுப் பொறுப்பு, வங்கிப் பத்திரத்தில் எழுத்தாகவே ஏறிவிட்டது. 2010-11இலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. இந்தத் திட்டங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அந்த உயரத்துக்கு இவையும் ஏணிகள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடத்தின் முன் திகைத்து உட்கார்ந்து, மூன்று அரியர் வைத்த மாணவனுக்கு வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. ‘நல்லாப் படிக்கிறியாப்பா?’ என்று போனில் கேட்கும் அம்மாவிடம் அவன் ‘ம்’ என்பான். பிறகு தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுக்கோளாறு என்று உடம்பு பேசும். மாணவிகளுக்கு இன்னொரு சுமை: மதிப்பெண் குறைந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. சாதிப் பாகுபாட்டால் நொறுங்குபவர்களோ, ‘எல்லாரையும் அனுசரிச்சுப் போ’ என்ற அறிவுரையையே வீட்டிலும் கல்லூரியிலும் கேட்கிறார்கள்.

இந்தக் காலகட்டத்தில் தமிழகத்தில் நடந்த நல்ல மாற்றங்கள் சுமையின் அமைப்பிலேயே கைவைத்தவை. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தேர்வு முடிவு நாட்களில் வந்த அழைப்புகளிலிருந்து ஒன்றைக் கண்டது: தோல்வியைவிட, ஒரு வருடம் வீணாகிவிட்டதே என்ற எண்ணமே பிள்ளைகளை உடைக்கிறது. 2000களின் தொடக்கத்தில், தவறிய பாடத்தை அதே ஆண்டில் துணைத்தேர்வாக எழுதிக் கல்லூரியில் சேர வழி பிறந்தது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. இவை பள்ளி மாணவர்களுக்கான மாற்றங்கள். கல்லூரி வாசலோடு நின்றுவிட்டன.

கல்லூரிக்குள் வந்தது கண்காணிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், 25 மாணவர்களுக்கு ஓர் ஆசிரிய ஆலோசகர் என்ற முறையைச் சொல்லின. நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் விடுதிக் காப்பாளரோடும் பெற்றோரோடும் தகவல் பரிமாற வேண்டியவர். உள் மதிப்பெண்ணும் அவர் கையில் இருக்கிறது. அவரிடம் யார் மனம் திறப்பார்? 18 வயது நிரம்பியவரின் சிகிச்சை விவரங்கள் இரகசியம் என்று 2017 சட்டம் சொல்கிறது. கல்லூரியோ முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போடுகிறது. 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது.

குழுவின் பணி ஒருபுறம் நடக்கட்டும். கல்லூரிகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2017 சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுவந்த எவரும் தனக்கான நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அவர் தாயாகவோ அத்தையாகவோ இருக்கலாம், உறவே இல்லாத நண்பராகவும் இருக்கலாம். நம் சேர்க்கைப் படிவங்களில் ‘தந்தை / பாதுகாவலர்’ என்ற கட்டம் இருக்கிறது. அதன் கீழே, ‘நெருக்கடியில் யாரை அழைக்கலாம்?’ என்று மாணவரையே கேட்கும் ஒரு கட்டம் சேருங்கள். ஆலோசகரை மதிப்பெண் போடும் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். பெற்றோரை வேலூர் அழைத்ததைப் போல, கற்றுக்கொள்ள அழையுங்கள். இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு சொல்: மனசு தாங்காதபோது 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.