அல்பைனா, ஸ்லிம்மா: ஒரு வரியின் வரலாறு

இந்த எபிசோடை எங்க ஊர் சிலமலையில, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி ஜீப் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்து வேலைக்குப் போறவங்க வண்டி அது.

இன்னைக்குப் பேசப்போறது ஒரே ஒரு வரியைப் பத்தி. டாக்கர்ஃபைலின் முதல் வரி. நம்ம புரோகிராம் எந்த இமேஜ் மேல ஓடணும்னு சொல்ற வரி. ஒரே பைத்தானுக்கு முழு இமேஜ் இருக்கு, ஸ்லிம் இருக்கு, அல்பைன் இருக்கு. எதை எடுக்கறது?

2021-ல ஊரடங்கு நேரம். இதே மாடியில இருந்துதான் வேலை பார்த்தேன். நெட் என்பது என் போன் ஹாட்ஸ்பாட் மட்டும். பைத்தானின் முழு இமேஜ் விரித்தால் 900 எம்பியைத் தாண்டும். அல்பைன் 50 எம்பிக்குப் பக்கம். யோசிக்கவே இல்லை, மாத்திட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ரெண்டு வாரம் கழித்து, நிஜ சர்வரில் மட்டும், அதுவும் சில நேரங்களில் மட்டும், டேட்டாபேஸின் பெயரே கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. ரெண்டு நாள் தேடினேன். கடைசியில் ஸ்லிம்முக்கு மாத்தினேன், நின்றுவிட்டது. கமிட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: "இமேஜ் மாத்தியாச்சு."

2023 தொடக்கத்தில் டீமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். இமேஜ் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்லிம் இருப்பதைப் பார்த்தார், அல்பைன் இன்னும் சின்னது என்று மாத்தினார். டெஸ்ட் பாஸ். அதே பிழை. சனி, ஞாயிறு முழுக்க தூங்காமல் உட்கார்ந்தார். திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டார். அவர் பிழையை விவரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனா அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்காகத்தான் இந்த எபிசோட். முதலில் அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

டாக்கரை உலகம் முதலில் பார்த்தது 2013 மார்ச்சில். அமெரிக்காவில் நடந்த பைக்கான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடச் சிற்றுரையில் அதைக் காட்டினார். புரோகிராமையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, எங்கே பிரித்தாலும் ஒரே மாதிரி ஓடவைப்பது. அந்தப் பொட்டலத்துக்கு அடியில் ஏதாவது ஒரு லினக்ஸ் வேண்டும். பலரும் உபுண்டு, டெபியன் என்று பழகியதையே வைத்தார்கள்.

டெபியன் வெளியீடுகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஜெஸ்ஸி, பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம். எல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்கள். 90-களின் நடுவில் டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரென்ஸ், அப்போது பிக்சாரில் வேலை பார்த்தவர். அதே பெரென்ஸ் அந்தக் காலத்தில் இன்னொன்றும் எழுதினார். டெபியனை இன்ஸ்டால் செய்யும் கருவிகள் ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும், அதாவது 1.44 எம்பிக்குள். அதற்காகப் பல கட்டளைகளை ஒரே புரோகிராமுக்குள் திணித்தார். அதுதான் பிஸிபாக்ஸ்.

2005 வாக்கில் நதானியேல் கோபா தொடங்கிய அல்பைன் லினக்ஸ், ரவுட்டர், ஃபயர்வால் மாதிரி சின்னப் பெட்டிகளை மனதில் வைத்து வளர்ந்தது. அதன் அடிப்படைக் கருவி அந்த பிஸிபாக்ஸ்தான். ஒரு வகையில், ஸ்லிம்மும் அல்பைனும் ஒரே மனிதரின் மேசையைத் தொட்டு வந்தவை. 2014-ல அல்பைன் 3.0, மசல் என்ற சி லைப்ரரிக்கு மாறியது. டெபியனில் இருப்பது ஜிலிப்சி. ரெண்டும் ஒரே வேலையைச் செய்பவை, ஆனால் ஒன்றல்ல. அடிப்படை அல்பைன் இமேஜ் 5 எம்பி சுற்றித்தான் என்றதும் எல்லாரும் அதன் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

அந்தச் சிறுமைக்கு என்ன விலை? பைத்தான் உலகத்துக்கு 2016-ல வந்த மெனிலினக்ஸ் ஏற்பாட்டில், முன்பே கம்பைல் செய்த பொட்டலங்கள் ஜிலிப்சிக்காகத்தான் செய்யப்பட்டன. மசலுக்குத் தனி லேபிள் வந்தது 2021-ல். அதுவரை அல்பைனில் பல லைப்ரரிகளைச் சொந்தமாகக் கம்பைல் செய்ய வேண்டும். நிமிடத்தில் முடிய வேண்டியது டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியாது.

என்னைக் கடித்தது வேறொன்று. ஒரு சர்வர் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறோம். வழக்கமான யுடிபி பதில் 512 பைட்டுக்குள் அடங்காவிட்டால், துண்டித்து அனுப்பி, டிசிபி வழியே மறுபடி கேள் என்று குறி காட்டும். ஜிலிப்சி மறுபடி கேட்கும். அன்றைய மசல் கேட்காது. என் லேப்டாப்பில் பதில் குட்டி. நிஜ சர்வரில் சில நேரம் நீளம். அவ்வளவுதான் மர்மம்.

இதெல்லாம் எங்காவது எழுதியிருந்ததா? பாதி எழுதியிருந்தது. டாக்கரின் அதிகாரபூர்வ இமேஜ்களின் பக்கத்தில் வகைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அல்பைன் மசலைப் பயன்படுத்துகிறது, அதனால் சில மென்பொருள்கள் தடுமாறலாம் என்று அங்கேயே இருக்கிறது. எது வேண்டும் என்று தெரியாதவர்கள் முழு இமேஜையே எடுக்கலாம் என்றும் இருக்கிறது. நான் அளவை மட்டும் பார்த்தேன். இதில் ஒரு வேடிக்கை: டெபியனின் ஸ்லிம் இமேஜ் மெலிவதற்காகக் கழித்துவிடும் சாமான்களில் ஆவணங்களும் மேன் பக்கங்களும் உண்டு!

இந்தக் கதையை எங்க பெரியம்மாவிடம் சொன்னேன். போடியில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன்டா தம்பி, மூட்டையைப் பார்த்தா வாங்குன? கொட்டிப் பார்க்க மாட்டியா?"

போடி ஏலத்தில் வியாபாரி பெயரை மட்டும் நம்பி விலை கேட்பதில்லை. லாட் எண் இருக்கும், சாம்பிள் கைக்கு வரும். 1937-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அக்மார்க் தரத்தில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்றால் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும், ஒரு லிட்டர் காய் குறைந்தது 435 கிராம் எடை இருக்க வேண்டும். அதற்கடுத்த 'போல்டு' 6 மில்லிமீட்டர், 415 கிராம். பெயரில் ஆலப்புழை இருக்கிறது, காய் இந்த மலையில் காய்த்தது. பெயர் பழைய வியாபாரத்தின் மிச்சம். ஆனால் பெயருக்குப் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய ரெண்டு எண்கள் இருக்கின்றன. காய் பெரிதாக இருந்தும் உள்ளே விதை சுண்டியிருந்தால், லிட்டர் எடை காட்டிக்கொடுத்துவிடும். சல்லடை ஒரு கேள்வி, எடை இன்னொரு கேள்வி. நான் இமேஜிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஒரு வரி எழுதியிருக்கலாமே அண்ணா" என்றார். கோபமே இல்லாத குரல், அதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் மீட்டிங்கில் அதே ஆட்கள் முன்னாடி நானும் சொன்னேன்.

பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து அந்த முதல் வரிக்கு மேலே குறிப்பு எழுதினோம். என்ன எடுத்தோம்: ஸ்லிம், எந்த டெபியன் என்ற பெயரோடு. வெறும் ஸ்லிம் என்று விட்டால், அடியில் இருக்கும் டெபியன் ஒருநாள் தானாக மாறிவிடும். எதை விட்டோம்: அல்பைன். ஏன்: நீண்ட டிஎன்எஸ் பதிலை மசல் டிசிபியில் மறுபடி கேட்பதில்லை. எப்படிச் சரிபார்ப்பது: இந்தப் பெயரைக் கேட்டுப் பார். கடைசியாகத் தேதி.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2023 மே மாதம் மசல் 1.2.4 வந்தது. டிசிபி வழியே மறுபடி கேட்கும் வசதியோடு. அதே மாதம் வந்த அல்பைன் 3.18-இல் அது சேர்ந்துவிட்டது. நாங்கள் எழுதிய காரணம் சில மாதங்களிலேயே காலாவதி! "அல்பைன் பக்கமே போகாதே" என்று மட்டும் எழுதியிருந்தால், அது டீமில் பல வருடம் சாஸ்திரமாக நின்றிருக்கும். காரணமும் சோதனையும் இருந்ததால் அவரே ஓட்டிப் பார்த்தார், பாஸ் ஆனது. அப்புறமும் ஸ்லிம்மிலேயே இருக்கலாம் என்று முடிவு செய்தார், லைப்ரரிகளுக்காக. பழைய காரணத்தை அடித்துவிட்டுப் புதுக் காரணத்தையும் தேதியையும் எழுதினார்.

அந்த ஃபைலில் இப்போது என் வரி எதுவும் இல்லை. எல்லாம் அவர் எழுதியது. அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும், சனி, ஞாயிறு தூங்கலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே. வெயில் ஏறுது, நான் கீழே இறங்குறேன்.